தாள் போடாதே

எங்கள் வீட்டில் எந்த அறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. சிவகாசியில் மூன்று மாடி, கிரானைட் தரை, தேக்குக் கதவுகள் என்று எல்லாம் உண்டு, தாழ்ப்பாள் மட்டும் இல்லை. ஒவ்வொரு கதவிலும் அது இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டைகளை அடைத்து மேலே பாலிஷ் போட்டிருக்கும். குளியலறைகளுக்கு மட்டும் உள்பக்கம் ஒரு கொக்கி, அதுவும் கொஞ்சம் ஓங்கித் தள்ளினால் கழன்று விழுகிற கொக்கி. விருந்தாளிகள் முதல் நாள் சங்கடப்படுவார்கள், இரண்டாம் நாள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

காரணம் அப்பா. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்களுக்கு ஒரு பட்டாசு யூனிட் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அங்கே ஒரு வெடிமருந்து அறையில் வேலை பார்த்தவர்கள், காற்று வந்து மருந்தைக் கிளப்புகிறதென்று கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார்கள். பட்டாசு ஃபேக்டரியில் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வேலை நேரத்தில் பூட்டோ தாழோ கூடாது. ஓடுகிறவர்களின் கை எதையும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான விதி அது. அன்றைக்குத் தீப்பிடித்தபோது ஓடியவர்களின் கை தாழ்ப்பாளைத் தேடியது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அப்பா அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த ஆட்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மறு வாரமே யூனிட்டில் எல்லாக் கதவுகளிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதச் சொன்னார். 'வேலை நேரத்தில் தாள் போடாதே.' பெயிண்டர் எங்கள் ஊர் வாய் பேசுகிறபடியே எழுதிவிட்டுப் போனார். அந்த வருடம் ஆயுதபூஜைக்கு எங்களைக் கூட்டிப்போனபோது என் தங்கை, அப்போது மூன்றாவதோ நாலாவதோ படித்தாள், ஒரு கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அப்பா, இதுல ழ போடணும். தாள்னா பேப்பர்."

"நெருப்புக்கு ழவும் தெரியாது, ளவும் தெரியாது. வாத்தா அங்கிட்டு."

அதே மாதம் ஆசாரி வந்து வீட்டுத் தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு போனார். அப்பா பயந்துபோய்ச் செய்தார் என்று அப்போது நினைத்தேன். பயந்துதான் செய்தார். ஆனால் கதவு பூட்டாத வீட்டில் யார் எந்த அறைக்குள்ளும் எப்போதும் போகலாம் என்பது அவருக்குச் சீக்கிரமே பிடித்துப்போய்விட்டது. தங்கைக்குப் பதினாலு வயது ஆனபோது தன் அறைக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள் கேட்டாள். உடை மாற்ற வேண்டும், வேறொன்றும் இல்லை என்றாள். "தாள் போட்ட ரூம்ல என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாது" என்று அப்பா சொன்னார். எதிர்த்துப் பேச முடியாத பதில் அது. செத்தவர்களை வைத்துச் சொன்ன பதில்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அதே ஆசாரி மறுபடி வந்தார். என் அறைக் கதவுக்கு மட்டும் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வைத்தார். தங்கை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அண்ணே, உங்க ரூம்ல மட்டும் தீப்பிடிக்காதா?"

ஆசாரி சிரித்தார், நானும் சிரித்தேன். அப்பா கேட்காத மாதிரி கீழே போய்விட்டார். அவளுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா மறுத்திருக்க மாட்டார், கல்யாணமாகப் போகிற மகன் கேட்டால். எனக்கு அது தோன்றவேயில்லை. என் கதவு சரியாகச் சாத்துகிறதா என்று திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை மதுரையில் வேதியியல் படித்தாள். பட்டாசுக்காரன் மகள் வேறென்ன படிப்பாள் என்று ஊரில் சொன்னார்கள். பச்சை தருகிற பேரியம் உப்புக்குத் தடை வந்த பிறகு அந்த நிறம் எங்கள் தொழிலுக்குப் பெரிய தலைவலி. பேரியம் இல்லாமல் நல்ல பச்சை கொண்டுவர முடியுமா என்று அவள் நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் விளக்கினால் "நீ சொல்றதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார், அதற்கு அடுத்த வாக்கியம் ஏதாவது மாப்பிள்ளை வீட்டைப் பற்றியதாக இருக்கும்.

கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். அதற்கு ஆறு இலக்கத்தில் பூட்டு வைத்தாள். எங்கள் வீட்டில் அவள் தாழ் போட்ட முதல் பொருள் அதுதான். கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து அதைத் திறப்பாள், மூடுவாள். உள்ளங்கை அளவு அறைக்காவது அவளுக்கு ஒரு தாழ்ப்பாள் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு அது தாங்கவில்லை.

"அதுக்குள்ள அப்படி என்னத்தா வச்சிருக்க?"

"கெமிஸ்ட்ரிப்பா."

நான்கு வருடத்துக்கு முன் அந்தப் போன் பழசாகிவிட்டது, பேட்டரி நிற்கவில்லை. புதுசு வாங்கினோம். பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஆபீஸில் ஆர்டர், லோடு, லேபிள் டிசைன் எல்லாம் என் மேஜையில்தான். ஊரில் ஒருத்தருக்கு ஒரு வேலை தெரிந்துவிட்டால் அவருக்கு வருகிற மண்டைக்கனம் எனக்கும் இருந்தது.

"அண்ணே, எல்லாம் அப்படியே வந்துருமா? ஒண்ணும் விட்டுப் போயிரக் கூடாது" என்றாள். ஆறு இலக்க எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். மாற்றி முடித்ததும் பழையதைச் சுத்தமாக அழித்துவிடச் சொன்னாள். அவ்வளவு கவனமானவள், கொடுத்தது மட்டும் என்னிடம்.

கம்ப்யூட்டரில் பேக்கப் எடுக்கும்போது திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டிக் போட்டால் பேக்கப்பைப் பூட்டி வைக்கும், அதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்கும். போடாவிட்டால் பூட்டாமல் வைக்கும். முதல் தடவை நான் டிக் போடவில்லை. பூட்டு, தாழ் என்று எதைப் பார்த்தாலும் விலகிப்போகிற வளர்ப்பு. பட்டாசு வீட்டில் பிறந்த எவனும் அப்படித்தான் செய்வான். புதுப் போனில் ஏற்றிப் பார்த்தால் போட்டோ வந்தது, மெசேஜ் வந்தது, நம்பர்கள் வந்தன. அவள் போனில் சேமித்திருந்த பாஸ்வேர்டு ஒன்றுகூட வரவில்லை.

திருத்தங்கலில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழனைக் கூப்பிட்டேன். அவன் சிரித்தான்.

"டிக் போடுலே. பூட்டாத பேக்கப்புல பாஸ்வேர்டு இன்னொரு போனுக்கு வராது. பூட்டி எடுத்தாத்தான் அம்புட்டும் வரும்."

எனக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. திறந்து கிடக்கும் பெட்டிக்குள் சாவிகளை வைக்க மாட்டார்கள், பூட்டிய பெட்டிக்குள்தான் வைப்பார்கள். சரி என்று டிக் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. சட்டென்று வாயில் வந்ததை ஆங்கில எழுத்தில் தட்டினேன்: thaalpodathe. ஒரு பூட்டுக்கு அந்தப் பெயரை வைத்ததை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, போனைக் கொடுத்தேன், எல்லாம் வந்திருக்கிறது என்று குதித்தாள். பழைய போனை அவள் கண்முன்னாலேயே அழித்தேன். பேக்கப் என் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அப்பா ஆபீஸுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு ஏறக்குறைய முடிந்திருந்த நேரம் அது.

"ஏலே, பாப்பா மாடியில நின்னு இங்கிலீசுல பேசுது. ரெண்டு வாரமா. யாருட்டன்னு தெரியல."

"யாராவது பிரண்டா இருக்கும்ப்பா."

"பிரண்டுட்ட அது நம்ம பேச்சுலதான பேசும். அது போன்ல என்ன நடக்குன்னு பாரு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே."

அந்தக் கடைசி வாக்கியம்தான். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் தட்டிக் கழித்திருப்பேன் என்று பல வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், அப்பா முடிப்பதற்குள்ளேயே அதை எப்படிச் செய்வது என்று என் மூளை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஆபீஸில் அதே வகைப் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சுத்தமாக அழித்து அவளுடைய பேக்கப்பை அதில் ஏற்றினேன். பாஸ்வேர்டு கேட்டது, தட்டினேன். அரை மணி நேரத்தில் என் தங்கையின் போன் என் கையில் இருந்தது. அதற்குப் புதுப் பூட்டு எண் நான் வைத்ததுதான். அந்த எண்ணைப் போட்டால் அவள் சேமித்த பாஸ்வேர்டுகள் வரிசையாக வந்து நின்றன.

அந்தப் பட்டியல் திறந்தபோது எனக்குக் குற்ற உணர்வு வரவில்லை. பெருமைதான் வந்தது. செய்துகாட்டிவிட்டேன் என்ற பெருமை. ரயில் டிக்கெட், துணிக்கடை, விடுதி வைஃபை, பரீட்சை முடிவு பார்க்கும் பக்கம், ஏதோ ஒரு பூச்செடி விற்கும் கடை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அவள் யோசித்து வைத்த சொல். ஒருத்தி தனியாக இருக்கும்போது முணுமுணுக்கிற மாதிரியான சொற்கள். எல்லாவற்றையும் படித்தேன், தேவையில்லாததையும் சேர்த்து.

நடுவில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பக்கம் இருந்தது, போன் மாற்றுவதற்கு முன்பே அதில் கணக்குத் தொடங்கியிருக்கிறாள். அதற்கு அவள் வைத்திருந்த பாஸ்வேர்டு என் முதல் பைக்கின் நம்பர். பத்து எழுத்து. ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிடுகிற நாளெல்லாம் அவளை அந்தப் பைக்கில்தான் கொண்டுபோய் விடுவேன். அதை விற்று ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது, நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் எனக்கே மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. அந்த நம்பரைப் பார்த்ததும் என் கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

உள்ளே போனால் விஷயம் தெளிவாக இருந்தது. ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பச்சை நிறம்தான், அவளுடைய பேரியம் இல்லாத பச்சை. மாடியில் நின்று இங்கிலீஷில் பேசியது அந்த ஊர்ப் பேராசிரியரிடம். ஏற்கிறாளா இல்லையா என்று சொல்ல இன்னும் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளில் எங்களிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். போகட்டுமா வேண்டாமா என்பது வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், சண்டை போட்டாவது. அப்பாவுக்குச் சண்டை பிடிக்காது. முடிந்துபோன காரியம்தான் பிடிக்கும். பார்த்ததையெல்லாம் அன்றைக்கு ராத்திரியே அவரிடம் சொன்னேன்.

"போனா திரும்பி வராது. சாத்தூர்க்காரகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "வியாழக்கிழமை நான் பாப்பாவ யூனிட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். போன் கேட்லயே இருக்கும். மத்தியானம் வரைக்கும் உனக்கு நேரம் இருக்கு" என்றார்.

பட்டாசு ஃபேக்டரிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் அணைத்துக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். முதலாளி மகளானாலும் அதேதான். மனித உயிரைக் காப்பாற்ற வைத்த விதிகளை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதில் அப்பாவுக்கு நல்ல பழக்கம் இருந்தது.

அன்றைக்குக் காலையில் அவள் சந்தோஷமாகப் போனாள். அப்பாவே கூப்பிட்டு, பச்சை மத்தாப்பு வேலையைக் காட்டுகிறேன் என்று சொன்னால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது. ஒருவேளை அன்றைக்கு அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்திருப்பாள். அவள் கேட்டைத் தாண்டியதும் அப்பா கேட் வாசலிலேயே நின்று வாட்ச்மேன் போனிலிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார்.

நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டு பொத்தான்கள். இடத்தை ஏற்கிறேன், இடம் வேண்டாம். இரண்டாவதை அழுத்தினேன். நிச்சயமாகத்தானா, இதை மாற்ற முடியாது என்று கேட்டது. அதையும் அழுத்தினேன். மூன்றாவது தடவை கேட்டிருந்தாலும் அழுத்தியிருப்பேன். உறுதிசெய்கிற மெயில் வந்தது. அவளுடைய மெயிலும்தான் என் கையில் இருக்கிற போனில் திறந்திருந்ததே, அதிலிருந்து அழித்தேன். குப்பைக் கூடையிலும் அழித்தேன். பிறகு காப்பி குடித்தேன். ஒரு லேபிள் டிசைனைத் திருத்தினேன். மதியம் அவர்கள் சாத்தூர் வழியாக வந்தார்கள், எனக்கும் ஒரு பொட்டலம் சேவு வாங்கி வந்திருந்தாள்.

சாயங்காலம் அவள் என்னிடம்தான் வந்தாள். அப்பாவிடம் போகவில்லை, என் மனைவியிடம்கூடப் போகவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. விஷயத்தை முதலிலிருந்து சொன்னாள், விண்ணப்பித்தது, பேராசிரியரிடம் பேசியது, இடம் கிடைத்தது எல்லாம். முதல் தடவை கேட்கிறவன்போல நான் கேட்டேன். நடுவில் "அடிப்பாவி, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றுகூடச் சொன்னேன். அதை யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. எனக்குள் அப்படி ஒருத்தன் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இப்ப திறந்து பார்த்தா நானே வேண்டாம்னு சொல்லிட்டேன்னு இருக்கு அண்ணே. காலையில கார்ல அந்தப் பக்கத்தத் திறந்து வச்சிருந்தேன். கேட்டுல அவசரத்துல போனக் கொடுத்தேன். அப்ப கை பட்டிருக்குமோ?"

எனக்கு ஒரு பொய்யை யோசிக்கிற வேலைகூட வைக்கவில்லை அவள்.

"பட்டிருக்கும்."

"ஆனா ரெண்டு தடவ கேட்டிருக்குமே?"

"சில இடத்துல கேக்காது பாப்பா."

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று சொன்னேன். நானே உட்கார்ந்து எழுதியும் கொடுத்தேன், தவறுதலாகக் கை பட்டுவிட்டது, மன்னியுங்கள் என்று. என் இங்கிலீஷ் நன்றாக இருக்கும். இரண்டு நாளில் பதில் வந்தது. வருத்தப்படுகிறோம், அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது என்றார்கள். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு போனில் எதையும் கட்டைவிரலால் தொடுவதை விட்டுவிட்டாள். ஒரு கையில் பிடித்து, மறுகையின் ஆள்காட்டி விரலால், வயதானவர்கள் தட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தட்டுவாள். பார்க்கிறவர்கள் கேலி செய்தார்கள். நானும் ஒரு தடவை செய்தேன்.

ஆபீஸ் போனை அழித்தேன். கம்ப்யூட்டரில் இருந்த பேக்கப்பை என்ன செய்ய என்று அப்பாவிடம் கேட்டபோது, "கெடக்கட்டும்லே" என்றார். கிடந்தது.

நாலு மாதத்தில் சாத்தூரில் கல்யாணம். ஊரே மெச்சும்படி நடத்தினோம். மறுவீட்டுக்கு வந்தவள் என்னைத் தனியாகப் பார்த்து, "அண்ணே, அங்கன என் ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்கு" என்று சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னதான் இருந்தாலும் நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தீபாவளிக்கு வந்தபோது, கையில் குழந்தை இருந்தது, அதே சிரிப்போடு சொன்னாள்.

"அன்னைக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் அண்ணே. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கு."

சீசன் முடிந்து எல்லோரும் வீட்டில் இருந்த நேரம். கூடத்தில் நாலு பேர் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நானும் வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிவாக்கில் அவள் ஆபீஸுக்கு வந்தாள். தனியாக, தோளில் ஒரு லேப்டாப் பையோடு. அப்பா ஏழாயிரம்பண்ணைக்குப் போயிருந்தார். அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டுக்கொண்டே என் எதிரில், அப்பா உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்து போனை வயரில் மாட்டினாள். ஆள்காட்டி விரலால் ஆறு இலக்கத்தைத் தட்டினாள்.

"பிள்ள போட்டோ எல்லாம் எடுத்து வைக்கணும்னு பார்த்தேன் அண்ணே. இதுல பூட்டுக்கு ஏற்கெனவே டிக் போட்டிருக்கு. டிக்க எடுக்க விட மாட்டேங்குது, பாஸ்வேர்டு கேக்குது. நான் இத போட்டதே இல்லையே."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை அந்த டிக்கைப் போட்டுவிட்டால் அது கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை, போனோடு போய்விடுகிறது. பழைய போனிலிருந்து புதுப் போனுக்குப் போயிருக்கிறது. நாலு வருடமாக அவள் என் தாழ்ப்பாளைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறாள். அவ்வளவு தெரிந்தவன் நான், இது தெரியவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லையே பாப்பா" என்றேன்.

"அப்ப நானே போட்டுப் பார்க்கவா?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். ஒருத்தருடைய முகத்தைப் பார்த்து அவர் மனதில் என்ன சொல் இருக்கும் என்று தேடுகிற பார்வை. பிறகு லேப்டாப்பைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நான் பார்க்கப் பார்க்கத் தட்டினாள். thaazhpodathe. தவறு என்றது. ஒரு நொடி யோசித்தாள். zஐயும் hஐயும் எடுத்துவிட்டு எங்கள் அப்பா சொல்கிறபடி l போட்டாள். திறந்துகொண்டது.

"ழ போடணும்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சாத்தூர்ல ஒரு கடையில கேட்டேன் அண்ணே. செட்டிங்ஸ அழிச்சா இந்தப் பூட்டு போயிரும்மா, ஆனா யாரு போட்டாங்கன்னு கேட்டுக்கிறது நல்லதுன்னாக. ஏன்னு கேட்டேன். இந்த டிக் போட்டு எடுத்தாத்தான் பாஸ்வேர்டு எல்லாம் சேர்ந்து வரும், வேற போன்லகூட ஏத்திப் பார்த்துக்கலாம்னு சொன்னாக."

வெளியே லோடு ஏற்றுகிறவர்கள் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா என்னைய யூனிட்டுக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு நீங்க வரல."

"இல்ல."

"இங்கதான் இருந்தீக."

"ஆமா."

"ரெண்டு தடவ கேட்டுச்சா அண்ணே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்ன கேட்கிறாய் என்று தெரியாத மாதிரி நடித்திருக்கலாம், அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் அவள் அந்தக் கேள்வியை மூன்று வருடத்துக்கு மேலாக வைத்திருந்தாள் என்பது அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. என்ன, ஏன், யார் சொல்லி என்று எதையும் கேட்கவில்லை. தன் விரல் தப்பு செய்யவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ஆமா. ரெண்டு தடவ கேட்டுச்சு."

அவள் தலையை ஆட்டினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலில் விழுகிற அளவுக்கு என்னிடம் வார்த்தைகள் தயாராக இருந்தன. அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் கிடக்கிற பழைய பேக்கப்பைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அழிக்கச் சொன்னாள். நிச்சயமாகத்தானா என்று அதுவும் கேட்டது. அவள் முன்னால் அதை அழுத்தினேன்.

போன் திரை அணைந்துபோயிருந்தது. அதை எடுத்து ஒரே கையில் பிடித்து, கட்டைவிரலால் படபடவென்று ஆறு இலக்கத்தைத் தட்டித் திறந்தாள். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் கட்டைவிரலால் போனைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"பூட்ட எடுத்து விட்டுறட்டுமா? போட்டோ மட்டும்னா பூட்டு வேண்டாமே" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

"வேண்டாம். பூட்டு இருக்கட்டும், பாஸ்வேர்ட மட்டும் மாத்துறேன். என் பாஸ்வேர்டெல்லாம் என்கூட வரணும்."

"எங்க போற பாப்பா?"

"திரும்பிக்கங்க."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எதிரில் போன வருடத்துக் காலண்டர் தொங்கியது. பின்னால் அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் தலை தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது, ஒன்று, இரண்டு, மூன்று என்று. என் பைக் நம்பர் பத்து எழுத்து. பத்தில் நின்றுவிடாதா என்று காத்திருந்தேன். நிற்கவில்லை, பதினாலு வரை போனது. சரிபார்க்க இன்னொரு தடவை கேட்டிருக்கும்போல. மறுபடி தட்டினாள். பதினாலு.